‘தே புட் இட் ஆஃப்’ என்று எழுதிய பெண்ணுக்கு ஏன் பூஜ்யம்?

மேல்நிலை வகுப்பு ஆங்கில வினாத்தாள் அமைத்தவர்களுக்கும், அதற்கு விடைக்குறிப்பு எழுதியவர்களுக்கும், மெல்லக் கற்போர் கையேட்டைத் தயாரித்தவர்களுக்கும்,

நடந்து முடிந்த அரையாண்டுத் தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா ஒன்று கேட்டிருந்தீர்கள். அடிக்கோடிட்ட சொல்லை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ‘புட்’ என்று தொடங்கும் ஒரு ஃபிரேசல் வெர்பை, அதாவது வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்து வேறு பொருள் தரும் தொடரை, வைத்து வாக்கியத்தைத் திரும்ப எழுத வேண்டும். வாக்கியம் இது: ‘தி மேட்ச் வாஸ் ஆன் சண்டே, பட் தே போஸ்ட்போண்ட் இட்.’ ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை நடப்பதாக இருந்தது, ஆனால் அதை ஒத்திவைத்துவிட்டார்கள். உங்கள் விடைக்குறிப்பில் ‘தே புட் ஆஃப் இட்’ என்று இருக்கிறது. என் மாணவி ஒருத்தி ‘தே புட் இட் ஆஃப்’ என்று எழுதினாள். அவளுக்குக் கிடைத்தது பூஜ்யம்.

அவள் எழுதியதுதான் சரி. உங்கள் விடைக்குறிப்பில் இருப்பது தவறு. அதுவும், இப்படியும் சொல்லலாம் அப்படியும் சொல்லலாம் என்று விட்டுவிடக்கூடிய தவறு அல்ல. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் ஐந்து வயதுக் குழந்தைகூட ‘புட் ஆஃப் இட்’ என்று சொல்லாது. ஆங்கிலத் தொடர்களை இந்த மடல் முழுவதும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நீங்கள் மட்டுமல்லாமல், பிள்ளையின் விடைத்தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என்ன கேட்பதென்று தெரியாமல் திரும்பிப் போகும் பெற்றோரும் இதை வாசிக்க வேண்டும் என்பதால்.

இம்முறை பக்கத்துப் பள்ளிகளுக்குள் விடைத்தாள்களை மாற்றிக்கொண்டு திருத்த வேண்டும் என்று ஏற்பாடு. என்னிடம் வந்த கட்டில் அந்த வினாவுக்கு ‘புட் ஆஃப் இட்’ என்று எழுதியவர்களே அதிகம். அவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. கையேட்டில் ‘போஸ்ட்போன்’ என்ற சொல்லுக்கு எதிரே ‘புட் ஆஃப்’ என்று அச்சிட்டிருப்பதை மனப்பாடம் செய்து, பழைய சொல்லைத் தூக்கிவிட்டுப் புதிய சொல்லை அதே இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். நான்கு பேர் மட்டும் ‘புட் இட் ஆஃப்’ என்று எழுதியிருந்தார்கள். விடைக்குறிப்பின்படி அந்த நான்கு பேருக்கும் நான் சுழி போட வேண்டும், மற்றவர்களுக்கு முழு மதிப்பெண் தர வேண்டும். பொறுப்பில் இருந்தவரைத் தொலைபேசியில் அழைத்தேன். “கீ-ல என்ன இருக்கோ அதப் போடுங்க மேடம், இல்லேன்னா ஒவ்வொரு ஸ்கூலும் ஒவ்வொண்ணு போடுவாங்க” என்றார். நான் அந்த நான்கு பேருக்கும் இரண்டு மதிப்பெண் போட்டு, ஓரத்தில் காரணத்தையும் எழுதிக் கையெழுத்திட்டேன். அது விதிமீறல் என்றால், மீறியது நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் மாணவியின் விடைத்தாள் வேறொரு பள்ளிக்குப் போயிருந்தது. அங்கே திருத்தியவர் விடைக்குறிப்பை அப்படியே பின்பற்றியிருக்கிறார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. தாள் திரும்பி வந்த அன்று அவள் அதை மேசை மேல் விரித்து வைத்தாள். ‘இட்’ என்ற சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, அங்கிருந்து ஓர் அம்புக்குறி வாக்கியத்தின் கடைசிக்கு இழுக்கப்பட்டிருந்தது. “மிஸ், நீங்க போர்டுல எழுதிப்போட்ட மாதிரிதானே எழுதினேன்?” என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். “அப்ப பப்ளிக் எக்ஸாம்ல எத எழுதறது?” என்று அடுத்து கேட்டாள். இந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் விடை இல்லாததால்தான் இந்த மடல்.

நான் கரும்பலகையில் எழுதிப்போட்டது என்ன என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ‘புட் ஆஃப்’ போன்ற வினைகளில், பெயர்ச்சொல் செயப்படுபொருளாக வந்தால் அதற்கு இரண்டு இருக்கைகள் உண்டு. ‘தே புட் ஆஃப் தி மேட்ச்’ என்றும் சொல்லலாம், ‘தே புட் தி மேட்ச் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ‘ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் மைதானத்தில் நடப்பதாக இருந்த ஆட்டம்’ என்பது போல அந்தப் பெயர் நீண்டுவிட்டால், அதை நடுவில் திணிக்காமல் கடைசியில் வைப்பதே நல்லது. ஆனால் ‘இட்’, ‘தெம்’, ‘ஹிம்’ போன்ற சுட்டுப்பெயர் வந்தால் இருக்கை ஒன்றுதான்: நடுவில். ‘புட் இட் ஆஃப்’, ‘கால் இட் ஆஃப்’, ‘டர்ன் இட் டவுன்’. இதற்கு விலக்குத் தேடிக் களைத்துப் போவதைவிட இதை விதியாகவே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம். நீங்கள் வாக்கியத்தில் ‘மேட்ச்’ என்று வைத்திருந்தால் உங்கள் விடையும் சரியாக இருந்திருக்கும், அவள் விடையும் சரியாக இருந்திருக்கும். ‘இட்’ என்று வைத்த கணத்தில் உங்கள் விடை விழுந்துவிட்டது.

இதோடு முடிந்தால் பாடம் எளிது. முடியவில்லை என்பதால்தான் இதற்குக் கவனம் தேவை. ‘லுக் ஆஃப்டர்’ என்பதும் பார்வைக்கு ‘புட் ஆஃப்’ மாதிரியே இரண்டு சொற்கள்தான். ஆனால் அங்கே எதையும் நடுவில் நுழைக்க முடியாது. ‘ஷி லுக்ஸ் ஆஃப்டர் ஹிம்’ சரி, ‘ஷி லுக்ஸ் ஹிம் ஆஃப்டர்’ தவறு. ‘புட் அப் வித்’ என்ற மூன்று சொல் வினையும் அப்படியே: பொறுத்துக்கொள்ளப்படும் எதுவும் ‘வித்’துக்குப் பின்னால்தான் வரும். நான் ‘புட் இட் ஆஃப்’ நடத்திய வாரத்தில் பாதி வகுப்பு உற்சாகத்தில் ‘லுக் இட் ஆஃப்டர்’ என்று எழுதியது என்பதையும் மறைக்கவில்லை. வேறுபாடு எங்கே என்று காட்ட நான் பயன்படுத்துவது ஆங்கில இலக்கண வகுப்புகளில் நெடுங்காலமாகப் புழங்கும் ஓர் இணை: ‘ஹி ரேன் அப் எ ஹில்’, ‘ஹி ரேன் அப் எ பில்’. எழுத்தில் ஓரெழுத்து வேறுபாடு. முதலாவதில் அவன் குன்றின் மேல் ஓடினான். ‘அப்’ குன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதில் அவன் கடையில் பாக்கி ஏற்றிக்கொண்டே போனான். ‘அப்’ ஓட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, ஓட்டத்தையே இல்லாமல் ஆக்கிவிட்டது. அதனால்தான் ‘ரேன் எ பில் அப்’ என்று பிரிக்கலாம், ‘ரேன் எ ஹில் அப்’ என்று பிரிக்க முடியாது. இதைச் சொன்னபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், “அப்ப மிஸ், அந்தச் சின்னச் சொல்லு யார் கூட்டாளின்னு பார்க்கணும், அவ்வளவுதானே?” என்றான். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக நடத்தியதை அவன் ஒரு வரியில் நடத்திவிட்டான்.

இந்த வகுப்பறைக்குத்தான் உங்கள் கையேடு வந்து சேர்ந்தது. இரண்டு பக்கம், இரண்டு பத்தி. இடப்பக்கம் ஒற்றைச் சொல், வலப்பக்கம் ஃபிரேசல் வெர்ப். பட்டியலில் ஒரு வாக்கியம்கூட இல்லை. பக்கத்தின் அடியில் பயிற்சிக்காக மட்டும் சில வாக்கியங்கள், அவற்றிலும் பழுது. ‘கோப் அப் வித்’ என்று ஒன்று அச்சாகியிருக்கிறது. ‘கோப் வித்’ என்பதே சரி, நடுவில் வரும் ‘அப்’ ‘கீப் அப் வித்’ என்ற வேறொரு வினையிலிருந்து வழிதவறி வந்தது. ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று இன்னொன்று. ‘மீட்டிங்’ என்று இருக்க வேண்டும். மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கென்று தனியாக அச்சிட்ட புத்தகத்தில், வேறு எதையும் சரிபார்க்க வழியில்லாத பிள்ளைகளின் கையில், இந்தப் பிழைகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற இந்தச் சமன்பாட்டுப் பட்டியல் என்ன செய்கிறது என்பதை எனக்குக் காட்டியவள் ஏழு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பெண். இப்போது செவிலியர். பிரிட்டனில் வேலைக்குப் போவதற்காக ஓஇடி தேர்வுக்குத் தயாராகிறாள். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு அது, நோயாளியோடு பேசுவது போன்ற உரையாடல் பகுதியும் அதில் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, பயிற்சி ஒலிப்பதிவைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினாள். அதில் ஒரு முதியவர், ‘ஐ ஹேவ் பீன் பிரிங்கிங் அப் ஃப்ளெம்’ என்கிறார். இருமும்போது சளி வெளியே வருகிறது என்று பொருள். “மிஸ், பிரிங் அப்-னா வளர்க்கிறதுன்னு படிச்சேன். சளிய எதுக்கு வளர்க்கிறாருன்னு ரெண்டு தடவ கேட்டேன்” என்று சிரித்தாள். இன்னொரு பதிவில் ஒரு பெண் குளியலறையில் ‘பாஸ்ட் அவுட்’ என்கிறாள். நம் ஊரில் கல்லூரி முடித்தவர்கள் எல்லோரும் பாஸ் அவுட். அங்கே அது மயங்கி விழுவது. கல்லூரி முடித்தல் என்ற பொருளை நான் தவறென்று சொல்ல மாட்டேன், இந்திய ஆங்கிலத்தில் அது நிலைபெற்றுவிட்டது. ஆனால் குளியலறையில் பட்டம் வாங்கியதாக அந்தச் செவிலியர் குறிப்பெழுதினால், அந்த நோயாளியின் தலையில் அடிபட்டிருக்கிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். வாந்தி எடுத்ததற்கு ‘த்ரோ அப்’, வீக்கம் வடிந்ததற்கு ‘கோ டவுன்’, மயக்கம் தெளிந்ததற்கு ‘கம் ரவுண்ட்’, மாத்திரையை நிறுத்தியதற்கு ‘கம் ஆஃப்’. நோயாளிகள் பேசும் ஆங்கிலம் இதுதான். அகராதியின் கனமான லத்தீன் சொற்களை மருத்துவர் எழுதுவார். கட்டிலில் படுத்திருப்பவர் இந்தச் சின்னச் சொற்களில்தான் முனகுவார். அவள் பள்ளியில் இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் வாங்கியவள். நான்தான் போட்டேன்.

எனவே என் பங்கையும் சேர்த்தே குற்றம் சொல்கிறேன். நானும் பல ஆண்டுகள் பட்டியல் ஒப்பித்துக் கேட்டவள்தான். அதிலிருந்து என்னை மீட்டவர் ஓர் ஆங்கில அறிஞர் அல்லர், எங்கள் பள்ளித் தமிழ் ஐயா. ஆசிரியர் அறையில் ஒருநாள் நான் சலித்துக்கொண்டு, ‘புட்’ என்றால் வை, ‘ஆஃப்’ என்றால் அணை, இரண்டும் சேர்ந்தால் ஒத்திவை என்று எப்படி வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்றேன். அவர் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, “நம்ம தள்ளிப்போடு-ல மட்டும் தள்ளுறது எங்கம்மா இருக்கு, போடுறது எங்க இருக்கு?” என்று கேட்டார். பிறகு அவரே அடுக்கினார்: கண்டுபிடி என்பதில் யாரும் எதையும் பிடிப்பதில்லை, விட்டுக்கொடு என்பதில் கொடுக்க ஒன்றும் இல்லை, பார்த்துக்கொள் என்பது பார்ப்பதோடு நிற்பதில்லை. ‘சாப்பிடு’ என்பதற்கும் ‘சாப்பிட்டுவிடு’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணரும் பிள்ளைக்கு, ‘ஈட்’ என்பதற்கும் ‘ஈட் அப்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘அப்’ அங்கே செய்யும் வேலையில் பாதியை ‘விடு’ இங்கே செய்கிறது. துணைவினையைத் தமிழ்ப் பாடவேளையில் படித்துவிட்டு, அடுத்த பாடவேளையில் அதே உத்தியை ஆங்கிலத்தில் காணும்போது நம் பிள்ளைகள் அதை வேற்றுக்கிரகப் பொருள் போலப் பார்க்கிறார்கள் என்றால், நாம்தான் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் சுவர் எழுப்பியிருக்கிறோம்.

பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்பதும் அந்த உரையாடலில்தான் எனக்குத் துலங்கியது. ‘தள்ளிப்போடு’ என்பதை நாம் பிளக்க முடியும், ஆனால் ‘தள்ளித்தான் போட்டார்கள்’, ‘தள்ளியே போட்டார்கள்’ என்று ஒரு சிறு இடைச்சொல்லை மட்டும்தான் உள்ளே விடுவோம். ‘தள்ளி அதைப் போட்டார்கள்’ என்றால் ஏதோ ஒரு பொருளைத் தள்ளிக் கீழே போட்டதாகிவிடும். செயப்படுபொருள் நம் மொழியில் வினைக்கு வெளியே, முன்னால் நிற்கும். அது பெயரா சுட்டா என்று வினை கவலைப்படுவதில்லை. அதனால் தமிழ்ப் பிள்ளைக்கு ‘புட் ஆஃப்’ என்பதை ஒட்டியே வைத்திருக்கத்தான் கை வரும், ‘இட்’ அதன் நடுவில் போய் உட்காரும் என்பது இயல்பாகத் தோன்றவே தோன்றாது. அந்த இயல்பை மீறி, கேட்டுப் பழகி, எழுதிப் பழகி, சரியான இடத்தில் வைக்கக் கற்றுக்கொண்ட பிள்ளையின் விடையைத்தான் நீங்கள் அம்புக்குறி போட்டுத் திருத்தியிருக்கிறீர்கள்.

(இன்னொன்றும் உண்டு. ‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்று நாம் வீட்டில் சொல்லும்போது ‘ஸ்விட்ச்’ எங்கோ போய், ‘ஆஃப்’ மட்டும் தங்கிவிடுகிறது. அதனால்தான் கட்டுரைகளில் ‘ஆஃப் தி லைட்’ என்று எழுதுகிறார்கள். அது சோம்பேறித்தனத்தால் வரும் பிழை அன்று. பொருளைச் சுமப்பது அந்தச் சின்னச் சொல்தான் என்பதை அவர்கள் காது சரியாகவே பிடித்திருக்கிறது.)

இது கடினமான பகுதி, அதனால் எளிமையாக்கினோம் என்று நீங்கள் சொல்லலாம். கடினமானதுதான். 1755இல் தன் அகராதிக்கு முன்னுரை எழுதிய சாமுவேல் ஜான்சனே, அயலார்க்குப் பெரும் இடர் தருவது வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த வகைதான் என்று சொல்லி, ‘கம் ஆஃப்’, ‘ஃபால் ஆன்’, ‘செட் இன்’ என்று வரிசையாக எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆனால் அவர் அந்த இடரைப் பார்த்துவிட்டு வேலையைக் குறைத்துக்கொள்ளவில்லை. இவற்றைத் தனிக் கவனத்தோடு தொகுத்ததாகவே எழுதுகிறார். வாக்கியமே இல்லாத ஒரு பட்டியல் எளிமையாக்கம் ஆகாது. நீச்சல் கடினம் என்று சொல்லிக் குளத்தின் படத்தைக் கொடுப்பது போன்றது அது.

எல்லாப் பள்ளிகளிலும் ஒரே மாதிரி திருத்த வேண்டும் என்ற உங்கள் அக்கறையை நான் மதிக்கிறேன். இரண்டு மதிப்பெண்ணுக்காகப் பள்ளிக்குப் பள்ளி வழக்காடிக்கொண்டிருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரே மாதிரி தவறாகத் திருத்துவது நியாயம் ஆகிவிடாது. மேலும், அந்த வினாவின் அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது: அடிக்கோடிட்ட சொல்லை மட்டும் தூக்கிவிட்டு வேறொன்றை அதே இடத்தில் வைக்கச் சொல்லும் வினா, பிரிந்து நிற்கக்கூடிய ஒரு வினையைச் சோதிக்கவே தகுதியற்றது. வினா அமைத்தவர், விடையை அந்த வாக்கியத்துக்குள் வைத்து ஒருமுறை வாய்விட்டு வாசித்திருந்தால் அவர் காதே அவருக்குச் சொல்லியிருக்கும்.

இனி நான் கேட்பவை. முதலில், அந்த இரண்டு மதிப்பெண் வினாவுக்கான விடைக்குறிப்பைத் திருத்தி எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். ‘புட் இட் ஆஃப்’ என்று எழுதிய ஒவ்வொருவருக்கும் முழு மதிப்பெண் தரப்பட வேண்டும். ‘புட் ஆஃப் இட்’ என்று எழுதிய பிள்ளைகளிடமிருந்து மதிப்பெண்ணைப் பறிக்க வேண்டாம், அவர்கள் உங்கள் கையேட்டை நம்பியவர்கள்; ஆனால் அது தவறு என்பதை அவர்கள் ஆசிரியர் வகுப்பில் சொல்ல வேண்டும் என்று அதே சுற்றறிக்கையில் எழுதுங்கள்.

கையேட்டின் அந்த இரண்டு பக்கங்களையும் திரும்பப் பெறுங்கள். பட்டியலின் நீளத்தைப் பாதியாகக் குறைத்தாலும் எனக்கு மகிழ்ச்சியே, ஆனால் எஞ்சும் ஒவ்வொரு வினைக்கும் இரண்டு வாக்கியங்கள் வேண்டும்: ஒன்றில் பெயர்ச்சொல், மற்றொன்றில் ‘இட்’ அல்லது ‘தெம்’. பிரிக்க முடியாத வினை என்றால் அதன் பக்கத்தில் ‘பிரியாது’ என்று தமிழிலேயே ஒரு சொல் போடுங்கள், அந்தப் பிள்ளைகளுக்கு அது போதும். ‘கோப் அப் வித்’தையும், ‘லுக் ஃபார்வர்ட் டு மீட்’டையும் நீக்குங்கள்.

வினாத்தாளும் விடைக்குறிப்பும் அச்சுக்குப் போகும் முன், இப்போது வகுப்பில் நின்று நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் இருவராவது, ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாமல், அந்தத் தாளைத் தாங்களே எழுதிப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அவர்கள் விடையும் விடைக்குறிப்பும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே வினாவை மாற்றுங்கள். விடைக்குறிப்பின் தலைப்பில், இலக்கணப்படி சரியான வேறு விடைக்கும் மதிப்பெண் உண்டு என்ற ஒரு வரியைச் சேருங்கள். அதைத் தீர்மானிக்கும் உரிமையைத் திருத்தும் ஆசிரியருக்கே கொடுங்கள், ஐயம் வந்தால் கேட்பதற்கு ஒரு பாட வல்லுநரையும் நியமியுங்கள்.

முதல் திருப்புதல் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதன் விடைக்குறிப்பு வெளிவருவதற்கு முன் எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். என் மாணவி பொதுத்தேர்வில் எதை எழுத வேண்டும் என்று கேட்டதற்கு அந்தப் பதிலைத்தான் நான் வகுப்பில் வாசித்துக் காட்டப்போகிறேன்.

இப்படிக்கு,
அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் ஆங்கில முதுகலை ஆசிரியை